ருசி பார்த்தீர்களா?

எரியோட்டுக்குப் பக்கத்து ஊரிலிருந்து காலை ஆறு நாற்பது பேருந்தில் ஏறுகிற ரூபியை அந்தத் தடத்தில் தெரியாதவர்கள் குறைவு. நின்றுகொண்டே தூங்குகிற பெண் எது என்று கேட்டால் நடத்துநரே கை காட்டிவிடுவார். ஒரு கை மேல் கம்பியில் இருக்கும், இன்னொரு கை பையின் வாரில் இருக்கும், கண் மூடியிருக்கும். திண்டுக்கல் பேருந்து நிலையம் வந்ததும் யாரும் எழுப்பாமலே விழித்து இறங்கிப் போய்விடுவாள்.

அவளுடைய வாரம் இப்படி. திங்கள், செவ்வாய், புதன் கல்லூரி. வியாழன், வெள்ளி, சனி கம்பெனி. ஞாயிறு ஓய்வு என்று நினைப்பவர்கள் இந்தப் படிப்பைப் படித்ததில்லை. கல்லூரிக்கு அசைன்மென்ட், கம்பெனிக்கு ரிப்போர்ட், இரண்டையும் ஞாயிற்றுக்கிழமைதான் எழுதியாக வேண்டும். படிப்பு பிபிஏ, மார்க்கெட்டிங், மூன்றாம் ஆண்டு. சேரும்போது கொடுத்த துண்டறிக்கையில் ‘படிக்கும்போதே வேலை, வேலையிலேயே படிப்பு’ என்று பெரிய எழுத்தில் போட்டு, கோட்டு மாட்டிய ஒரு பெண்ணைச் சிரிக்க வைத்திருந்தார்கள். அந்தப் பெண் எந்த பஸ்ஸில் வந்தாள், எப்போது தூங்கினாள் என்று ரூபியும் கேட்கவில்லை, ரூபியின் அம்மா புஷ்பமேரியும் கேட்கவில்லை. அப்பா மிக்கேல்ராஜ் ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் ஒருநாள் வீட்டுக்கு வந்து அவரும் தூங்குவார்.

கம்பெனி என்றால் மசாலாப் பொடிக் கம்பெனி. பெயர் வேண்டாம், அவர்களும் பிழைக்கட்டும். ரூபியின் வேலை கடை கடையாக ஏறுவது. பாக்கெட் சரத்தைக் கண்ணில் படுகிற இடத்தில் தொங்கவிட வேண்டும், கதவில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், ஒட்டியதைப் போட்டோ எடுத்துக் கம்பெனியின் செயலியில் ஏற்ற வேண்டும். இடமும் நேரமும் போட்டோவிலேயே பதிவாகிவிடும், ஏமாற்ற முடியாது. வடமதுரையில் பாதிக் கடைக்காரர்கள் அவளைக் கண்டதும், “எடமில்லம்மா” என்பார்கள். மீதிப் பேர் மூன்று நாள் கழித்து வரச் சொல்வார்கள். மூன்று நாள் கழித்து அவள் கல்லூரியில் இருப்பாள். முதல் வருஷம் இதெல்லாம் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. புதிய ஊர், புதிய முகம், ஒரு கடைக்காரர் மனம் மாறி ஒரு சரம் வாங்கிக்கொண்டால் அன்றைக்கு முழுவதும் சந்தோஷம். மூன்றாம் வருஷத்தில் அந்தச் சந்தோஷமும் களைத்துவிட்டது.

கடைசி ஆறு மாதத்துக்கு ஒரு தனிப் பேப்பர் உண்டு. களப்பணி என்று பெயர். பத்து ஊரில் ருசி முகாம் நடத்த வேண்டும். அதாவது, பெண்கள் கூடுகிற இடத்தில் மேஜை போட்டு, கம்பெனி மசாலாவில் குழம்பு வைத்து, காகிதக் கப்பில் ஊற்றிக் கொடுத்து, ருசி பார்த்த நாற்பது பேரிடம் படிவம் வாங்க வேண்டும். பத்து முகாம், முகாமுக்கு நாற்பது படிவம். அது முடிந்தால்தான் கம்பெனி கையெழுத்து, கையெழுத்து இருந்தால்தான் பட்டம்.

“இந்தப் பேப்பருக்கு அரியர் எழுத முடியாதும்மா,” என்று வகுப்பாசிரியர் சார்லஸ் சார் தைப்பொங்கல் முடிந்த வாரமே சொல்லிவிட்டார். “பரீட்சை இருந்தாத்தானே அரியர்? இதுல களப்பணிதான் பரீட்சை. ஒரு கேம்ப் கொறஞ்சாலும் மறுபடி ஆறு மாசம் கம்பெனிக்குப் போயி மொதல்லருந்து செய்யணும்.”

பட்டம் தள்ளிப்போகும் என்பதுகூட ரூபியைப் பயமுறுத்தவில்லை. மறுபடி ஆறு மாதம் என்ற சொல்தான் பயமுறுத்தியது. இன்னும் ஆறு மாதம் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தன்னால் ஆகாது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

மார்ச் இரண்டாம் வாரம் வந்தபோது ஒன்பது முகாம் முடிந்திருந்தது. பத்தாவதை முடித்து, முகாம்களைப் பதிந்துவைக்கிற குறிப்பேட்டைத் திங்கட்கிழமை கல்லூரியில் கொடுக்க வேண்டும். முகாமுக்கு வேன் ஓட்டிவருகிறவர் முகமது பாரூக், கம்பெனியின் ஏரியா சூப்பர்வைசர். நல்ல மனிதர். தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தால் மட்டும் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து நின்று பேசுவார்.

“கடைசிக் கேம்ப் எந்த ஊருல போடலாம், ரூபி?” என்று கேட்டார்.

வியாழக்கிழமை கல்லூரியில் தள்ளிவைத்த தேர்வு ஒன்று இருந்தது. சனிக்கிழமை வேன் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகிறது. மிச்சம் வெள்ளிக்கிழமை ஒன்றுதான்.

“எங்க ஊருலயே போட்ருவோம்ணே. வெள்ளிக்கெழம சாயந்தரம் கோயில்ல கூட்டம் இருக்கும். பொம்பளைக அம்புட்டுப் பேரும் வருவாக. ஒரு மணி நேரத்துல நாப்பது பாரம் வாங்கிரலாம்.”

“உங்க ஊரு. நீ சொன்னாச் சரி,” என்றார் பாரூக். புது நாட்டுக்கோழி மசாலாதான் அந்த மாதம் ஓடவேண்டிய சரக்கு என்பதால் மூன்று கிலோ கோழிக்கும் சொல்லிவைத்தார்.

இங்கேதான் நான் நின்று கொஞ்சம் கோபப்பட வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை கோயிலில் கூட்டம் இருக்கும் என்று ரூபிக்குத் தெரிந்திருந்தது. ஏன் இருக்கும் என்பதுதான் மறந்துபோயிருந்தது. அது தவக்காலம். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள். வெள்ளிக்கிழமைதோறும் சுத்தபோசனம், அந்த ஊரில் ஒரு வீட்டிலும் கறி வேகாது. மாலையில் பெண்கள் கோயிலுக்கு வருவது சிலுவைப்பாதை செய்ய, அதாவது இயேசு சிலுவை சுமந்த பதினான்கு நிலைகளையும் சொல்லிச் செபிக்க. ஞானஸ்நானம் பெற்ற நாள் முதல் அந்தக் கோயிலில் வளர்ந்த பெண்ணுக்கு இது மறக்குமா? மறந்தது. விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ள அவள் போகவில்லை, கல்லூரியில் தேர்வு. ஞாயிறு பூசைக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது, ரிப்போர்ட். புஷ்பமேரி மூன்று வாரமாக வீட்டில் முட்டைகூட உடைக்கவில்லை, அதையும் அவள் கவனிக்கவில்லை. காலையில் டப்பாவில் எது இருக்கிறதோ அதைத் திண்டுக்கல்லில் திறந்து தின்பாள். என்ன வெஞ்சனம் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமைத் தேர்வில் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். நுகர்வோர் நடத்தை என்ற பாடம். ‘பண்பாடும் சமயமும் வாங்கும் பழக்கத்தை எவ்வாறு பாதிக்கின்றன? எடுத்துக்காட்டு தருக’ என்று பதினாறு மதிப்பெண் கேள்வி. ரூபி எடுத்துக்காட்டு எழுதினாள். தவக்காலத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் இறைச்சியைத் தவிர்க்கும், ஆகவே அந்த வாரங்களில் அங்கே இறைச்சி மசாலாவை விளம்பரம் செய்வது வீண் என்று அழகாக எழுதி, அடிக்கோடும் போட்டாள். பதினாறுக்குப் பதினான்கு. எழுதியது கல்லூரி ரூபி. மறுநாள் வேனில் ஏறியது கம்பெனி ரூபி. இரண்டு பேரும் சந்தித்துப் பேசிக்கொள்ள வாரத்தில் ஒருநாளும் ஒழியவில்லை.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குக் கோயில் வாசலுக்கு எதிரே, வேப்பமரத்தடியில் மேஜை போட்டார்கள். சேவல் படம் போட்ட பெரிய தட்டியைக் கட்டினார்கள். பாரூக் அடுப்பைப் பற்றவைத்துக் கோழியை வதக்கினார். அவருக்கு ரமலான் நோன்பு. விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு கிண்டினார். குழம்பு கொதித்து எண்ணெய் மேலே மிதந்து வந்ததும் கரண்டியில் ஒரு துண்டும் கொஞ்சம் குழம்பும் எடுத்து ரூபியிடம் நீட்டினார்.

“உப்புப் பாரும்மா. எனக்கு நோன்பு.”

ரூபி ஊதி ஊதி வாயில் போட்டுக்கொண்டாள். மதியம் சாப்பிட்டிருக்கவில்லை, ருசியாக இருந்தது. “சரியா இருக்குண்ணே,” என்று சொல்லி முடிக்கவில்லை, கோயில் ஒலிபெருக்கி கரகரத்தது. ‘முதலாம் நிலை’ என்று பாதரின் குரல் கேட்டது. உள்ளே எல்லோரும் முழந்தாளிடுகிற சத்தமும் கேட்டது.

ரூபிக்கு நாட்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன. துண்டை அதற்குள் விழுங்கிவிட்டிருந்தாள்.

“அண்ணே, அடுப்ப அமத்துங்க.”

“ஏம்மா?”

“இன்னைக்குச் சுத்தபோசனம். எங்க ஆளுக கறி சாப்பிட மாட்டாக. நாப்பது நாளு எங்களுக்கும் நோன்பு மாதிரிதான்.”

பாரூக் அடுப்பை அணைத்தார், மூடியை எடுத்துப் போட்டார், பிறகு அவளைப் பார்த்தார். திட்டியிருக்கலாம். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். “நீதானம்மா தேதி சொன்ன,” என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

“மறந்துட்டேண்ணே.”

“நோன்ப மறப்பாகளா?” என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைக் கண்டு அவரே பேச்சை விட்டுவிட்டார்.

மூடியைப் போட்டால் வாசனை நிற்குமா? கம்பெனி அதற்குத்தான் ஆறு மாதம் ஆராய்ச்சி செய்து அந்த மசாலாவை அரைத்திருந்தது. காற்று கோயில் பக்கம் வீசியது. பத்தாம் நிலை வரும்போது பக்கவாட்டு ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. பன்னிரண்டாம் நிலையில், ஆண்டவர் உயிர்விடுகிற இடத்தில், உள்ளே குழந்தைகள் மூக்கை உறிஞ்சிச் சிரித்ததையும் ஒரு தாய் அதட்டியதையும் ஒலிபெருக்கி ஊருக்கே சொன்னது. ரூபிக்கு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளத் தோன்றியது. கிளம்பிவிடலாம் என்றால் பத்தாவது முகாம் இல்லை. மறுபடி ஆறு மாதம். அதனால் நின்றாள்.

பெண்கள் வெளியே வந்தார்கள். முன்னால் வந்த ரீத்தா சித்தி தட்டியையும் சட்டியையும் பார்த்தாள். சித்தி ஊரில் வாய்க்குப் பேர்போனவள். பத்து நிமிஷத்துக்கு முன்பு அழுது செபித்த ஈரம் கண்ணில் இருந்ததால் குரல் மட்டும் கொஞ்சம் தணிந்து வந்தது.

“ஏன்டி ரூபி, வேற நாளே கெடைக்கலயாடி உனக்கு? பெரிய வெள்ளிக்குப் பிரியாணி போடுவியோ?”

சிலர் சிரித்தார்கள். சிலர் சேலைத் தலைப்பால் மூக்கை மூடினார்கள். கூட்டத்தின் பின்னாலிருந்து புஷ்பமேரி வந்தாள். அவளுக்கு அன்று ஒருசந்தி, ஒரு வேளை மட்டும் சாப்பாடு. புதனும் வெள்ளியும் அப்படி. மகள் நல்லபடியாகப் படித்து முடிக்க வேண்டும் என்றுதான் அந்த நேர்த்தி. மகளின் உதட்டோரம் குழம்பின் மஞ்சள் ஒட்டியிருந்ததை அவள் பார்த்தாள். தலைப்பால் துடைத்துவிட்டாள். ரூபி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு நாப்பது பேரு வேணும்மா. திங்கக்கெழம குடுக்கணும். இல்லன்னா இன்னும் ஆறு மாசம் போகச் சொல்லுவாக. என்னால முடியாதும்மா.”

அந்தக் கடைசி வார்த்தையை அவள் வீட்டில் சொன்னதே இல்லை. முதலில் கை நீட்டியது ரீத்தா சித்திதான்.

“குடுடி அந்தக் காயிதத்த. சாப்பிட மாட்டோம், பேரு எழுதுறதுக்கென்ன? பேரும் நம்பரும் நாங்க போட்டுத் தாறோம். மத்தத நீ என்ன வேணாப் போட்டுக்க.”

படிவத்தில் முதல் கேள்வி: ருசி பார்த்தீர்களா? ஆம், இல்லை. அதை எல்லோரும் வெறுமனே விட்டுவிட்டார்கள். பெயர், வயது, போன் எண், வாரத்தில் எத்தனை நாள் கறி சமைப்பீர்கள், எல்லாவற்றையும் மேஜையிலும் சுவரிலும் ஒருத்தி முதுகில் இன்னொருத்தியுமாக வைத்து எழுதிக் கொடுத்தார்கள். புஷ்பமேரி கடைசியாக வாங்கி, கோயில் படியில் உட்கார்ந்து நெடுநேரம் எழுதி, நாலாக மடித்துக் கொடுத்தாள். பாங்கு நேரம் வந்ததும் பாரூக் பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்து நோன்பு திறந்தார். ரீத்தா சித்தி அவருக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாரூக் கறிச்சட்டியை வேனில் ஏற்றி, போகும் வழியில் யாருக்காவது கொடுத்துவிடுவதாகச் சொன்னார். மிஞ்சிய மசாலாப் பாக்கெட்டையும் பிரிக்காத காகிதக் கப்புக் கட்டையும் ரூபி வீட்டில் இறக்கினார். சனிக்கிழமை சந்தைக்கு வேறு சரக்கு ஏற்ற வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் ரூபி படிவங்களைச் செயலியில் ஏற்ற உட்கார்ந்தாள். அந்தச் செயலியைச் செய்தவனுக்கு ஒரு கும்பிடு. ருசி பார்த்தீர்களா என்பதற்கு ‘இல்லை’ அழுத்தினால் அடுத்த பக்கமே திறக்காது. அழுத்திப் பார்த்தாள், ‘நன்றி’ என்று சொல்லி மூடிக்கொண்டது. பாரூக்கைப் போனில் கேட்டாள்.

“எல்லாத்துக்கும் ஆமுன்னு போட்ரும்மா,” என்றார் அவர். “மேல யாரு பாக்கப் போறா? எண்ணிக்க வந்தாப் போதும்.” “உனக்கு மனசு ஒப்புனாப் போடு,” என்றும் சொன்னார்.

மற்ற ஊர் என்றால் அவள் யோசித்திருக்கமாட்டாள். பொய்ப் படிவம் இந்தத் தொழிலில் புதிது இல்லை. ஆனால் இது வேறு. ரீத்தா, வயது நாற்பத்திநான்கு, தவக்கால வெள்ளிக்கிழமை, கோயில் வாசலில் கோழிக்கறி தின்றாள் என்று பெயரும் நம்பரும் போட்டு எழுதிக் கொடுப்பது. சிலுவைப்பாதை முடித்து வந்த முப்பத்தொன்பது பெண்களைப் பற்றி அப்படி எழுதுவது. கட்டைவிரல் திரைக்கு மேல் செத்த நேரம் நின்றது. பிறகு இன்னும் ஆறு மாதம் என்ற நினைப்பு வந்தது. விரல் இறங்கியது. ஆம். ஆம். ஆம். பத்துப் பேர் தாண்டியதும் பெயரைப் படிப்பதை நிறுத்திவிட்டாள். அலுப்புக்கு இப்படி ஒரு வசதி இருக்கிறது, தப்புச் செய்வதுகூட வேலை மாதிரி ஆகிவிடும்.

அம்மாவின் படிவத்தைக் கடைசியாகப் பிரித்தாள். முதல் கேள்வியை அம்மா வெறுமனே விடவில்லை. ‘இல்லை’ என்பதில் அழுத்தமாக டிக் போட்டிருந்தாள். எட்டாம் வகுப்போடு நின்ற கையெழுத்து ஒவ்வொரு கேள்விக்கும் முழுப் பதில் எழுதியிருந்தது. அடியில், ‘உங்கள் கருத்து’ என்ற இடத்தில் ஒரே வரி.

‘பிள்ளை ரொம்ப இளைத்து விட்டது.’

ரூபி அதை மறுபடி படித்தாள். அடுப்படியில் அம்மா அரிசி களைகிற சத்தம் கேட்டது. அந்தப் படிவத்தை அவளால் ஏற்ற முடியவில்லை. அம்மா போட்ட டிக்கை மாற்றவும் முடியவில்லை. முப்பத்தொன்பதோடு நின்றது கணக்கு. கடைசியில் புதுப் படிவம் ஒன்றைத் திறந்து தன் பெயரையே போட்டாள். ரூபி, வயது இருபது. ருசி பார்த்தீர்களா? ஆம். கருத்து: உப்பு சரியாக இருந்தது. அந்த நாற்பதில் உண்மையான ஆம் அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை சார்லஸ் சார் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பத்தாவது கட்டத்தில், காலையில் பாரூக் போட்டுக்கொடுத்த கம்பெனி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, கையெழுத்துப் போட்டார். அவருக்கும் அறுபது குறிப்பேடு இருந்தது. “வெரி குட், ரூபி,” என்றார், அடுத்ததை இழுத்துக்கொண்டே. மூன்று வருஷம் அந்த ஒரு கையெழுத்துக்காக ஓடினவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வெட்கமாகத்தான் இருந்தது.

அன்று மாலை வீட்டுப்படி ஏறும்போதே அம்மா கேட்டாள்: “சாரு என்ன சொன்னாரு?”

உள்ளதைச் சொல்ல வேண்டுமானால் முப்பத்தொன்பது பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கு உட்கார வேண்டும், பேச வேண்டும், அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். ரூபிக்குப் படுத்தால் போதும் என்றிருந்தது.

“ஈஸ்டர் வரைக்கும் டயம் குடுத்துருக்காரும்மா,” என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். மறுநாளே மறந்தும்விட்டாள்.

புஷ்பமேரி மறக்கவில்லை.

ஈஸ்டர் அன்று காலை ரூபி எழுந்தபோது வீடு முழுக்க அந்த வாசனை. அம்மா விடியும்முன்பே எழுந்து, வளர்த்த கோழியில் நாலை அடித்து, பாரூக் இறக்கிவைத்த மசாலாவைப் பிரித்துப் போட்டுப் பெரிய சட்டி நிறையக் குழம்பு வைத்திருந்தாள். நாற்பது நாள் நோன்பில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண் எரிய நின்று கிண்டிக்கொண்டிருந்தாள்.

“குளிச்சிட்டு வா, பூசைக்கு நேரமாச்சு. அந்தப் பாரம் கட்ட எடுத்துக்க. பேனாவும் எடுத்துக்க.”

“எதுக்கும்மா?”

“எதுக்கா? ஈஸ்டரு வரைக்கும்னுதானே டயம் வாங்கிருக்க?”

ரூபிக்கு அப்போதுதான் தன் பொய் ஞாபகம் வந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். சட்டியைப் பார்த்தாள், அம்மாவின் கையைப் பார்த்தாள், குளிக்கப் போய்விட்டாள்.

பூசை முடிந்ததும் அதே வேப்பமரத்தடியில் அம்மா சட்டியை இறக்கினாள். அதே காகிதக் கப்பு. அம்மா ஒவ்வொரு வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவைத்திருப்பாள் போலிருக்கிறது. புதுச்சேலை கட்டிய பெண்கள் வரிசையாக வந்து வாங்கினார்கள், ஊதிக் குடித்தார்கள், எலும்பைக் கடித்தார்கள். ரீத்தா சித்தி கப்பைக் கவிழ்த்துக் காட்டினாள்.

“காரம் கொஞ்சம் தூக்கல். மத்தபடி நல்லாருக்கு. இப்பப் போட்டுக்கடி, ஆமுன்னு. இம்புட்டு நாளு எங்களுக்காகக் காத்துருக்கயே, உம்மனசு யாருக்கு வரும்?”

ரூபி சித்தியின் படிவத்தைத் தேடி எடுத்தாள். மூன்று வாரமாக வெறுமனே இருந்த அந்தக் கட்டத்தில் டிக் போட்டாள். யாருக்கும் வேண்டாத காகிதம் அது. கம்பெனி கேட்காது, கல்லூரி கேட்காது, எல்லாம் ஏறி முடிந்து கையெழுத்தும் ஆகிவிட்டது. வரிசையில் நின்றவர்களுக்கு அது தெரியாது. ஒவ்வொருத்தியும் குடித்து முடித்து, “போட்டுக்க தாயி” என்று சொல்லச் சொல்ல, அவள் பெயரைப் படித்துப் படித்து டிக் போட்டாள். அன்றைக்குச் செயலியில் பெயர் படிக்காமல் அழுத்திய விரலுக்கு இன்று ஒவ்வொரு பெயரும் கனமாக இருந்தது. பத்து முகாம் போட்டவள் ஒழுங்காக நடத்தினது இந்தப் பதினோராவதுதான்.

கடைசியில் புஷ்பமேரி ஒரு கப்பில் தனக்கு ஊற்றிக்கொண்டாள். நாற்பது நாளுக்குப் பிறகு கறியில் முதல் வாய். கண்ணை மூடி விழுங்கினாள்.

“நல்லாத்தான் இருக்கு. என்னோடதக் குடு.”

ரூபி நாலாக மடித்ததைப் பிரித்துக் கொடுத்தாள். அம்மா பேனாவை வாங்கி, ‘இல்லை’யை அடித்து, ‘ஆம்’ என்பதில் டிக் போட்டு, பக்கத்தில் ஒரு கையெழுத்தும் போட்டாள். ரூபியின் பார்வை கீழே இருந்த வரிக்குப் போனது.

“இதையும் அடிச்சிரவாம்மா?”

அம்மா படிவத்தைத் தள்ளிப் பிடித்து அந்த வரியைப் படித்தாள். பிறகு மகளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

“அத எதுக்கு அடிக்கணும்? அது இன்னும் அப்படியேதான இருக்கு,” என்று சொல்லி, சட்டியில் மிச்சமிருந்த கறியை வழித்து ஒரு கப்பில் போட்டு நீட்டினாள். “சாப்டு.”